ஃப்ரீசரில் ஒரு துணிப்பை

அத்தியாயம் பதினேழு

ஃப்ரிட்ஜில் மட்டும் கை வைக்காதீர்கள், நாங்கள் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார் அவர் மனைவி. சொல்லியிருக்கவே வேண்டாம். அந்த மனிதரிடம் ஒன்றைத் தொடாதே என்பது, வா வந்து தொடு என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்.

போன வாரம் பத்திரிகை கைக்கு வராமல் போனவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஸ்பேனர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். தெருவுக்கே அவர் ஸ்பேனர்தான். வீட்டில் எது கெட்டாலும் வெளியாள் கை படக் கூடாது. மனைவி தையல்காரி, முன்னறையில் மெஷின். மகன் வெளியூரில் பாலம் கட்டும் இடத்தில் சூப்பர்வைசர். மருமகள் கணக்கு டீச்சர். மாமனாருக்கு அவள் 'டீச்சரம்மா'. அவள் பெற்ற பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, இப்போதுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறாள்.

டீச்சரின் கழுத்தில் வந்தது புற்றுநோய்க் கட்டி என்று போன மாதமே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். அதன் பிறகு அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. டப்பாப் பால் இந்தக் குழந்தைக்கு ஆகவில்லை. ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும், அதுவரை வேறு எதையும் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் டீச்சர் பெரிய டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு முறை நாள் தள்ளி வாங்கினாள். கழுத்துக் கட்டியைச் சோதித்த நாளிலிருந்தே எடுத்துவந்தவள், அந்த நாட்களிலும் பால் எடுத்து, சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, சிவப்பு மையில் தேதி எழுதிச் சேமித்தாள். அத்தனையும் ஃப்ரீசரின் அடித்தட்டில், மாமியார் தைத்த நீலத் துணிப்பைக்குள் இருந்தன. இதற்கு மேல் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

துணிப்பை எதற்கு என்கிறீர்களா? ஃப்ரீசரைத் திறக்கும்போது மாமனார் கண்ணில் அது பட்டுவிடக் கூடாதாம். ஒருநாள் ஸ்பேனர் இது என்ன மூட்டை என்று கேட்டதற்கு, என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற ஐஸ் என்று மாமியார் வாய் கூசாமல் சொன்னார். டீச்சர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளும் பேசவில்லை. கூச்சம்.

எனக்கு எரிச்சலாக வருகிறது. உயிர் போகிற காரியத்தில் என்ன கூச்சம் வேண்டிக்கிடக்கிறது? சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை டீக்கு வைத்த பால் அடுப்பில் திரிந்துபோனது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிர்ச்சியே இல்லை. மேலே ஃப்ரீசர் மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது. உள்ளே விசிறி எதிலோ உரசுவது போல கரகரவென்று ஒரு சத்தம்.

போன வாரம்தான் அதே ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ் மேக்கர் மக்கர் செய்தது. தண்ணீர் வரும் குழாயில் ஐஸ் அடைத்திருப்பதைக் கண்டுபிடித்து, வெந்நீர் விட்டு இளக்கி, மறுபடி ஐஸ் விழ வைத்தவர் ஸ்பேனர்தான். அன்றிலிருந்து ஐஸ் கொட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டில் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். யாராவது பாராட்ட வேண்டாமா?

பெண்கள் இருவரும் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ஒன்று பாக்கி. ஆட்டோ தெருமுனை திரும்பியிருக்காது, ஸ்பேனர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் ஃப்ரீசரைக் காலி செய்தார். மீனையும் பச்சைப் பட்டாணியையும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் மேக்கரில் இருந்த ஐஸ் அத்தனையையும் அவற்றின் மேல் கொட்டி மூடினார். கடைசியில் நீலப் பை வந்தது. அழுத்திப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது. முழங்கால் ஐஸ். ஐஸுக்கு எதற்கு ஐஸ் என்று பையை அப்படியே சிங்க்கில் வைத்தார். உருகினால் உருகட்டும், தண்ணீரை மறுபடி உறைய வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? மீனைத்தான் காப்பாற்ற வேண்டும்.

பிறகு ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே குழாயே தெரியவில்லை. சுவர் மாதிரி வெள்ளையாக ஐஸ். குழாயில் படிகிற பனியை அவ்வப்போது இளக்குவதற்கு அடியில் ஒரு ஹீட்டர் கம்பி உண்டு. அது செத்திருக்கும், பனி ஏறி ஏறி விசிறி வரை வந்திருக்கும் என்று அவர் போட்ட கணக்கு சரி. அண்டாவில் வெந்நீர் வைத்து உள்ளே ஆவி காட்டினார். டீச்சரின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினார். கம்பி தெரிந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை, கம்பி செத்ததுதான்.

கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். உதிரிபாகக் கடையில் கூட்டம். அதே நீளத்தில் ஹீட்டர் தேடி எடுக்க கடைக்காரர் பரணில் ஏறி இறங்கினார். கொடுக்கும்போது, பாக்கி ஐஸ் தானாக இளகட்டும் அண்ணே, எதையும் வைத்துக் குத்திவிடாதீர்கள், குழாய் அலுமினியம், லேசில் ஓட்டை விழுந்துவிடும் என்றார். எனக்கா சொல்கிறாய் என்று சிரித்துவிட்டு வந்தார் ஸ்பேனர்.

அவர் திரும்பி வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பேசி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் வந்துவிடுங்கள், இனிமேல் நாள் தள்ளக் கூடாது, ரத்தம் நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று டாக்டர் டீச்சரின் கையைத் தட்டிக் கொடுத்தாராம். வழியெல்லாம் மாமியார் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். டீச்சர் தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினாள்.

மாமியார் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் வந்தார். தரை முழுக்க ஸ்க்ரூவும் ஈரத் துணியுமாகக் கிடந்தது. சொன்ன பேச்சு கேட்காத புருஷனைத் திட்டுவதற்கு வாயெடுத்தவர், சிங்க்கைப் பார்த்தார். நீலத் துணி நனைந்து கறுத்துப்போயிருந்தது.

அவர் கத்தவில்லை. சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, இதை எப்ப வெளிய எடுத்தீங்க?"

"நீங்க போனதும் எடுத்தேன். உன் ஐஸ் எங்கேயும் ஓடிப்போயிடாது. சாயங்காலம் வேற போட்டுத் தர்றேன்."

"அது ஐஸ் இல்லங்க."

"பின்ன?"

"பிள்ளைக்கு" என்று ஆரம்பித்தவருக்கு மேலே வார்த்தை வரவில்லை. இந்த நிமிஷத்திலும் நாக்கு எழும்பவில்லை என்றால் பாருங்கள். "திங்கக்கிழமைக்கு அப்புறம் பிள்ளைக்குன்னு அவ எடுத்து வச்சது."

ஸ்பேனருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த ஹீட்டர் கம்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவர் கேட்டது அவருக்கே கேட்டிருக்காது, அவ்வளவு சன்னமாக இருந்தது. உங்களிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்றார் மனைவி.

கையில் சீப்போடு வாசல்படியில் டீச்சர் நின்றிருந்தாள்.

நேரே சிங்க்குக்கு வந்து பையின் சுருக்கை அவிழ்த்தாள். மேலே இருந்த பாக்கெட்டுகள் தொளதொளவென்று கையில் வழுக்கின. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு விரலால் நடுவில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். உருகியது இந்தப் பக்கம், உள்ளே இன்னும் கல் இருப்பது அந்தப் பக்கம். விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி மளமளவென்று பிரித்தாள். உருகிய குவியல் ஏறிக்கொண்டே போனது. பையின் நடுவில், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த கொஞ்சம் பாக்கெட்டுகளில்தான் இன்னும் ஐஸ் மிச்சம் இருந்தது.

குழந்தை டாக்டரின் நர்சுக்குப் போன் போட்டாள். நர்ஸ் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். உள்ளே ஐஸ் இருப்பதை உடனே ஃப்ரீசரில் திரும்ப வைத்துவிடலாம். வெளியில் கிடந்து முழுக்க உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. இப்போதே குழந்தைக்குக் கொடுக்க முடிந்தால் உண்டு, இல்லையென்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.

இப்போதே என்றால்? தொட்டிலில் கிடப்பது ஒரு குழந்தை. அங்கே கிடந்த பால் ஒரு பிரசவ வார்டுக்கே காணும்.

"மாமா" என்றாள் டீச்சர் திரும்பாமல். "ஃப்ரீசர் எப்ப ஓடும்?"

"இதோ. இதோம்மா, ஹீட்டரை மாட்டினா முடிஞ்சுது."

முடியவில்லை. குழாயின் பின்புறம் இன்னும் பாதி ஐஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. அது இளகினால்தான் புது ஹீட்டர் உள்ளே உட்காரும். ஹேர் டிரையரைக் காட்டினார். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. பின்னால் அவர் மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுத்திருக்கலாம். காலையிலிருந்து கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் ஐஸ் பக்கமே கொண்டுபோகாத மனிதர், பெட்டியில் கையை விட்டுத் தட்டை ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஐஸுக்கும் குழாய்க்கும் நடுவே அதை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார்.

ஐஸ் பெரிய பாளமாக விழுந்தது. கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

குழாய் ஓட்டையாகிக் கேஸ் வெளியேறுகிற சத்தம் அது என்று அவருக்குத் தெரியும். கட்டை விரலால் குழாயை அழுத்திக்கொண்டு, ஜன்னலைத் திறங்கள், அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார். கேஸ் தீர்ந்து சத்தம் நின்ற பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. மனைவி வந்து தோளைத் தொட்டதும்தான் எடுத்தார்.

அந்த ஃப்ரிட்ஜ் இனி இன்றைக்கு ஓடாது. நாளைக்கும் ஓடாது.

தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, மீனையும் பட்டாணியையும் குப்பைக்கூடையில் கொட்டினார் ஸ்பேனர். மிச்சமிருந்த ஐஸுக்குள் டீச்சர் நல்ல பாக்கெட்டுகளை வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் எதிர்வீட்டுக்கு ஓடினார். எதிர்வீட்டில் இருந்தது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் சோப்புப் பெட்டி அளவு. அந்த வீட்டு அம்மாள் என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு இடம் பண்ணிக் கொடுத்தாள். இந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று அவள் பிறகு கேட்டபோது, குழந்தைக்கு என்றார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

அவர் திரும்பி வந்தபோது டீச்சர் சிங்க்கின் முன்னால் நின்றிருந்தாள். ஒரு பாக்கெட்டைக் கத்தரிப்பாள், கவிழ்ப்பாள், குழாயைத் திறந்துவிடுவாள், அடுத்ததை எடுப்பாள். நான் செய்கிறேன் விடம்மா என்று மாமியார் கையைப் பிடித்ததற்கு, வேண்டாம் அத்தை, நான்தானே எடுத்தேன் என்றாள். பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எடுத்தது, விடிவதற்கு முன்னால் அரைத் தூக்கத்தில் எடுத்தது, கழுத்தில் ஊசி குத்திச் சதை எடுத்த அன்று வலியோடு எடுத்தது என்று எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொன்றின் தேதியையும் பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்தாள்.

ஸ்பேனர் சமையலறை வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. வாய் ஓயாத மனிதர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் பாதியாகிவிட்டது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பாக்கெட்டைக் கவிழ்க்கும் முன் குழந்தை எழுந்து அழுதது. டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மாமியாரும் பின்னால் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குழந்தை குடிக்க ஆரம்பித்ததும் வீடு அமைதியானது.

"என் தப்பும்மா" என்றார் மாமியார். "ஐஸுன்னு ஒரு பொய்யைச் சொல்லித் தொலைச்சேன்."

டீச்சர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"பால்னு ஒரு வார்த்தை, அத்தை. அவ்வளவுதான். அதைச் சொல்ல இந்த வீட்டுல ஒருத்தருக்கும் வாய் வரல. எனக்கும்தான் வரல. வகுப்புல நாப்பது பிள்ளைங்க முன்னாடி தொண்டை கிழியக் கத்துறேன். மாமாகிட்ட இது என் பால், தொடாதீங்கன்னு சொல்ல முடியல."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டில் வைத்தது எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டார். ரெண்டு நாளைக்கு வந்தால் பெரிது என்றாள் டீச்சர். அதைச் சொன்ன குரல் சாதாரணமாக இருந்தது. அடுத்ததையும் அதே குரலில்தான் சொன்னாள்.

"நான் திங்கக்கிழமை போகல, அத்தை."

"என்னம்மா பேசற நீ?"

"திரும்ப எடுத்துச் சேர்க்கணும். மூணு வாரம் போகட்டும், அப்புறம் ஏத்திக்கிறேன். டாக்டர் திட்டுவார். திட்டட்டும்."

"இனிமே தள்ளக் கூடாதுன்னு காலையில உன் கையைப் பிடிச்சுச் சொன்னாரே!"

"சொன்னார். அவர் பிள்ளையா பசியில அழப் போகுது?"

புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று மாமியார் கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் டீச்சர். முடிவெடுத்துவிட்டாள் என்பது தெரிந்தது. கணக்கு டீச்சர்தானே, ஒரு பக்கம் தன் உயிரையும் மறுபக்கம் குழந்தையின் வயிற்றையும் வைத்துக் கூட்டிக் கழித்துவிட்டாள். அந்தக் கணக்கு தப்பு என்று யார் அவளுக்குச் சொல்வது? சொல்ல வேண்டிய மாமியாருக்கு வாயில்லை. இந்தப் பொய்யைச் சொன்ன வாயால் எதைச் சொல்வார் பாவம்.

குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி, மறு கையால் டீச்சர் ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மணி அடித்தது. யாரோ எடுத்து, வார்டு, சொல்லுங்கள் என்றார்கள்.

"சிஸ்டர், திங்கக்கிழமை எனக்கு மருந்து ஏத்தறதா இருந்தது. அதைக் கொஞ்சம்..."

மருமகள் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் அந்த அறைப் பக்கமே வராதவர் ஸ்பேனர். வாசலில் செருமிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிற மனிதர். அன்று செருமவில்லை. நேரே உள்ளே வந்தார். மாமியார் பதறிப்போய் ஒரு துண்டை எடுத்து டீச்சரின் மேல் போர்த்தினார். அவர் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. குனிந்து கட்டிலில் கிடந்த போனை எடுத்துக்கொண்டார்.

"சிஸ்டர், நான் அந்தப் பொண்ணோட மாமனார் பேசறேன். திங்கக்கிழமை காலையில வந்துடுவோம், அதுல மாத்தம் இல்ல."

"மாமா, போனைக் குடுங்க."

"ஒரு விஷயம் மட்டும் கேக்கணும், சிஸ்டர். எங்க வீட்டுல குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லாம போச்சு. அம்மா எடுத்துச் சேத்து வச்சிருந்த பால். நான்தான் கெடுத்துட்டேன். டப்பாப் பால் அதுக்கு ஒத்துக்காது. உங்க ஆஸ்பத்திரியில பிள்ளை பெத்தவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க. யாராவது ஒரு தாய் எங்க பிள்ளைக்கும் தாய்ப்பால் தருவாங்களா? யாரைப் பாக்கணும்னு சொன்னா போதும், நான் போய்க் கேக்கறேன். யார் கால்ல விழணுமோ விழறேன்."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒரு பல்பு மாட்டக்கூட அடுத்த வீட்டில் ஏணி கேட்காத மனிதர்.

இருங்கள் ஐயா, எங்கள் சீனியரைக் கேட்டுவிட்டு வருகிறேன், போனை வைத்துவிடாதீர்கள் என்றது குரல்.

டீச்சர் கையை நீட்டியிருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"இன்னொருத்தி பாலை என் பிள்ளைக்குக் குடுக்க நான் சம்மதிக்கல. குடுங்க மாமா. இது என் உடம்பு, என் பிள்ளை. நீங்க முடிவு பண்ண வேண்டாம்."

அவள் சொன்னதில் என்ன தப்பு? எதுவும் இல்லை. அது ஸ்பேனருக்கும் தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ இல்லாம போயிட்டா அதை என்னால ரிப்பேர் பண்ண முடியாது, டீச்சரம்மா."

போனை அவர் கொடுக்கவில்லை. அவளும் நீட்டிய கையை இறக்கவில்லை.